வெயில் ஒத்துக்கொள்ளாத தோல்

வெயிலில் போய்வந்தால் கை அரிக்கிறது, பிடரியில் பொரிப்பொரியாகக் கிளம்புகிறது என்று சொல்லிப் பாருங்கள். "உடம்பு சூடு" என்று வீட்டிலேயே தீர்ப்பு வந்துவிடும். இளநீர், நுங்கு, ஊறவைத்த வெந்தயம், எண்ணெய்க் குளியல் என்று வைத்தியமும் தொடங்கிவிடும். இவற்றால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் இந்த அத்தியாயத்தில் பேசப்போகும் தொல்லை இவற்றுக்கு அடங்காது. வேர்க்குரு வெக்கையாலும் வியர்வையாலும் வருவது. காற்றோட்டமான இடத்தில் உட்கார்ந்தால் தணிந்துவிடும். சிலருடைய தோலுக்கோ வெயிலின் ஒளியே ஆகாது. அதிலும் முக்கியமாக, கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிர் ஆகாது. சிலுசிலுவென்று காற்றடிக்கும் இடத்தில் நின்றாலும் அந்தக் கதிர் பட்டால் போதும், அவர்களுக்குத் தோல் தடிக்கும், எரியும், அரிக்கும்.

இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வெப்பத்திலிருந்து தப்பிக்கும் வழிகளும் ஒளியிலிருந்து தப்பிக்கும் வழிகளும் வேறுவேறு. ஊட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். 1,000 மீட்டர் ஏறினால் புறஊதாக் கதிரின் வலு சுமார் 10 சதவீதம் கூடும். அதாவது ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஏரியில் படகு விடும்போது, மேட்டுப்பாளையத்து வெயிலைவிட ஐந்தில் ஒரு பங்கு அதிகமான கதிர் முகத்தில் விழுகிறது. குளிராக இருப்பதால் யாரும் நிழல் தேடுவதில்லை. கோடைக்குக் குளுகுளுவென்று மலைக்குப் போய் முகமெல்லாம் தடித்துத் திரும்புவதன் காரணம் இதுதான்.

அக்னி நட்சத்திரத்தில் மட்டும் ஜாக்கிரதையாக இருந்தால் போதும் என்ற எண்ணமும் இதே தவறுதான். நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில். சென்னைக்கு நேர் உச்சியில் சூரியன் வருவது ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும். அந்த இரண்டு பருவத்துக்கும் இடைப்பட்ட மாதங்களிலும் அது உச்சியை விட்டு வெகுதூரம் விலகுவதில்லை. மார்கழியில்கூட நண்பகல் வெயில் லேசானது இல்லை. மெல்லிய மேகம் வெக்கையைக் குறைக்குமே தவிர, புறஊதாக் கதிரில் பெரும்பங்கை விட்டுவிடும். கடற்கரை மணலும் உப்பளத்து வெண்மையும் கீழிருந்து மேலே கதிரை எறியும். குடை பிடித்தும் தாடை எரிகிறது என்பவர்கள் காலடியைத்தான் பார்க்க வேண்டும்.

வெயிலின் வலுவை அளக்கக் கருவி ஒன்றும் வேண்டாம். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் வலுவாக இருக்கிறது என்று பொருள். கைபேசியின் வானிலைச் செயலியில் 'யூவி இண்டெக்ஸ்' என்று ஓர் எண் இருக்கும். 3-ஐத் தொட்டாலே பாதுகாப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 11-ஐத் தொட்டால் உச்சம். நம் ஊர்க் கோடை நண்பகலில் அந்த எண் 11-ஐத் தாண்டுவது சாதாரணம். வெப்பநிலையைப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிட்டு இந்த எண்ணைப் பார்க்கப் பழகுங்கள்.

எது, எப்போது, எங்கே

வெயில் ஒவ்வாமை என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதற்குள் பல நோய்கள் இருக்கின்றன. எது என்று கண்டுபிடிக்க இரண்டு கேள்விகள் பெரிதும் உதவும்: வெயில் பட்டு எவ்வளவு நேரத்தில் வந்தது? உடம்பில் எந்த இடத்தில் வந்தது, எந்த இடத்தை விட்டுவைத்தது?

வெயிலில் நின்ற சில நிமிடங்களிலேயே காணாக்கடி மாதிரி தடித்து, நிழலுக்கு வந்த சில மணி நேரத்தில் தடமில்லாமல் மறைந்துவிட்டால், அது வெயில் காணாக்கடி. இது அரிது. ஆனால் உடம்பு முழுவதும் ஒரே நேரத்தில் வெயில் பட்டால் தலைசுற்றலும் மூச்சுத்திணறலும் வரக்கூடும். அப்படி வந்தால் யோசிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

வெயிலில் போன அன்று மாலையோ மறுநாளோ சின்னச் சின்னப் பொரிகள் கிளம்பி, ஒரு வாரம் பத்து நாள் இருந்து அடங்கினால் அது பெரும்பாலும் 'பாலிமார்ஃபஸ் லைட் எரப்ஷன்'. மருத்துவர்கள் சுருக்கமாகப் பி.எம்.எல்.இ. என்பார்கள். வெயில் ஒவ்வாமைகளில் அதிகம் காணப்படுவது இதுதான். இளம்பெண்களுக்குச் சற்று அதிகம். இணையத்தில் இதன் படத்தைத் தேடினால் வெள்ளைத் தோலில் செக்கச்செவேலென்ற திட்டுகள் வரும். அதைப் பார்த்துவிட்டு "நமக்கு இது இல்லை" என்று முடிவுகட்டிவிடாதீர்கள். நம் நிறத்துத் தோலில் அது அப்படித் தெரியாது. முன்கையின் வெளிப்புறத்திலும் பிடரியிலும் குண்டூசித் தலை அளவுக்கு, தோல் நிறத்திலோ அதைவிடச் சற்று வெளிறியோ, தொட்டால் நறநறவென்றிருக்கும். தேமல் என்று நினைத்து மாதக்கணக்கில் தேமல் களிம்பு பூசுகிறவர்கள் நிறையப் பேர்.

இனி இடம். கண்ணாடி முன்னால் நின்று நிதானமாகப் பாருங்கள். ஒளியால் வந்த தடிப்பு ஒளி படாத இடங்களை விட்டுவைக்கும்: தாடைக்கு அடியில், காதுக்குப் பின்னால், மேல் இமையில், கடிகாரப் பட்டைக்குக் கீழே, விரல் இடுக்கில். பாதத்தில் செருப்பு வார் மறைத்த இடம் மட்டும் பழைய தோலாக இருக்கும். ரவிக்கைக் கழுத்தின் விளிம்பிலும் சட்டைக் கையின் விளிம்பிலும் கோடு போட்டதுபோல் நின்றுவிடும். அப்படி இல்லாமல் இமை தடித்து, காதுக்குப் பின்னாலும் கழுத்து மடிப்பிலும் முழங்கை மடிப்பிலும் கரப்பான் போல வந்திருந்தால் காற்றில் வரும் ஏதோ ஒன்றைச் சந்தேகிக்க வேண்டும்.

நம் நாட்டில் அந்த ஏதோ ஒன்று பல நேரங்களில் பார்த்தீனியம். 1950-களின் நடுவில் புனே பக்கம் முதலில் கண்ணில் பட்ட இந்தக் களை இன்று சாலையோரம், காலி மனை, வரப்பு என்று இல்லாத இடமில்லை. காய்ந்த செடியின் தூளும் அதன் நுண்ணிய மயிர்களும் காற்றில் பறந்து வந்து தோலில் படிகின்றன. முதலில் சாதாரண ஒவ்வாமையாகத் தொடங்கி, வருடங்கள் போகப்போக வெயிலே ஆகாத நிலைக்குக் கொண்டுபோய் விடும். முகத்துத் தோல் தடித்துச் சுருங்கும். வெளியில் வேலை செய்யும் நடுத்தர வயது ஆண்களுக்கு இது அதிகம். உங்கள் வீட்டைச் சுற்றி அந்தச் செடி இருந்தால் பூக்கும் முன்பே பிடுங்கச் சொல்லுங்கள். ஒவ்வாமை உள்ளவர் தாமே பிடுங்கக் கூடாது, எரிக்கும் இடத்திலும் நிற்கக் கூடாது.

கழுத்தைச் சுற்றி மாலை போட்டதுபோல் கறுத்து உரிந்து, புறங்கைகளும் அப்படியே இருந்தால் அது நியாசின் என்ற பி வைட்டமின் குறைபாடாக இருக்கலாம். பெல்லக்ரா என்று பெயர். சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து அறிஞர் சி. கோபாலன், ஐதராபாத்தில் சோளமே பிரதான உணவாக இருந்த ஏழை மக்களிடம் இந்த நோயை ஆராய்ந்தவர். இன்று நம் பக்கம் இதை அதிகம் காண்பது, சாப்பாட்டைக் குறைத்துக் குடியைக் கூட்டியவர்களிடம். வயிற்றுப்போக்கும் மறதியும் சேர்ந்து வரும். வைட்டமின் கொடுத்தால் வியக்கும்படி குணமாகும். கண்டுகொள்ளாமல் விட்டால் உயிருக்கே ஆபத்து.

எல்லாவற்றையும்விட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது லூபஸ் என்ற நோயைப் பற்றி. மூக்குத்தண்டிலும் இரண்டு கன்னத்திலும் வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் சிவந்து, மூக்கோரத்து மடிப்பை மட்டும் விட்டுவிட்டிருந்தால், கூடவே மூட்டுவலி, வாய்ப்புண், கொத்துக் கொத்தாக முடி கொட்டுதல், விட்டுவிட்டுக் காய்ச்சல், நுரைத்துப் போகும் சிறுநீர் இவற்றில் ஏதேனும் இருந்தால், சன்ஸ்கிரீன் வாங்கப் போகாதீர்கள், மருத்துவரிடம் போங்கள். இந்த நோயில் வெயில் தோலோடு நிற்பதில்லை. சிறுநீரகம் உட்பட உள்ளுறுப்புகளிலும் நோயைக் கிளப்பிவிடக்கூடும்.

மாத்திரைப் பையைக் கொட்டிப் பாருங்கள்

நேற்றுவரை வெயிலைத் தாங்கிய தோல் திடீரென்று தாங்காமல் போனால், புதிதாக எந்த மாத்திரை ஆரம்பித்தீர்கள் என்று யோசியுங்கள். இரத்த அழுத்த மாத்திரைகள் சிலவற்றின் பெயருக்குப் பின்னால் 'எச்' என்று ஓர் எழுத்து ஒட்டியிருக்கும். பெரும்பாலும் அது ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற நீர் மாத்திரை சேர்ந்திருப்பதன் அடையாளம். வெயிலோடு சேர்ந்து தோலைப் பதம்பார்க்கும் மருந்துகளில் அது முக்கியமானது. முகப்பருவுக்கும் எலிக்காய்ச்சலுக்கும் கொடுக்கும் டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் வகை, படர்தாமரைக்குக் கொடுக்கும் கிரிசியோஃபல்வின், இதயத் துடிப்புக்கான அமியோடரோன், வலிக்கான நாப்ராக்சன், முட்டிக்குத் தடவும் கீட்டோப்ரோஃபென் ஜெல் ஆகியவையும் இந்தப் பட்டியலில் உண்டு. அந்த ஜெல்லை நிறுத்திய பிறகும் சில வாரங்களுக்குத் தடவிய இடத்தில் வெயில் படக்கூடாது.

இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இரத்த அழுத்தம் எகிறுவது தோல் அரிப்பைவிட ஆபத்தானது. "வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, மாற்று மருந்து உண்டா?" என்று எழுதிக் கொடுத்தவரிடமே கேளுங்கள். பெரும்பாலும் இருக்கும்.

அடுத்து அடுக்களையும் குளியலறையும். வெயிலில் எலுமிச்சம்பழம் பிழிந்து ஜூஸ் போடுகிறவர்களின் கையில் சாறு வழிந்த கோட்டிலேயே கருந்தடம் விழும், சில நேரம் கொப்புளமே போடும். பழத்தோலில் உள்ள சொராலன் வகைப் பொருளும் வெயிலும் சேர்ந்து செய்யும் வேலை அது. முகத்துக்கு எலுமிச்சை தேய்த்துவிட்டு வெளியே கிளம்புகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். அதே சொராலன் கார்போகி அரிசியிலும் உண்டு. வெண்புள்ளிக்கு அதை மருந்தாகப் பயன்படுத்துவதே வெயிலோடு சேர்ந்து நிறத்தைத் தூண்டும் குணத்துக்காகத்தான். நாட்டுமருந்துக் கடையில் அரைத்து வாங்கும் குளியல் பொடியில் கார்போகி அரிசி வழக்கமாகச் சேரும் சரக்கு. நன்றாகக் கழுவிவிட்டால் பலருக்கு ஒன்றும் ஆகாது. வெயில் ஒவ்வாமை இருப்பவர்கள், அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அரைத்துத் தரச் சொல்லுங்கள்.

மருந்துக்கடையில் "முகத்துக்கு ஒரு க்ரீம்" என்று கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் இன்னொரு பெரிய ஆபத்து. முதல் வாரம் முகம் பளிச்சென்று ஆகும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் தோல் மெலிந்து, நரம்பு தெரிய ஆரம்பித்து, காலை வெயில் பட்டாலே எரியும். நிறுத்தினால் இன்னும் எரியும் என்பதால் விடவும் முடியாது. வெளுக்க வேண்டும் என்ற ஆசையை நம் பெண்களிடம் விற்றுத் தோலைக் கெடுக்கும் இந்த வியாபாரம் எனக்கு ஆத்திரமூட்டுகிறது. ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் தோல் மருத்துவரின் துணையோடு படிப்படியாக வெளியே வரலாம். நாளாகும், ஆனால் வரலாம்.

துணி முதலில், ட்யூப் பிறகு

சன்ஸ்கிரீனில் தொடங்குவதுதான் எல்லோரும் செய்வது. நான் துணியில் தொடங்கச் சொல்வேன். நூறு நாள் வேலையிலும் சாலை போடும் இடத்திலும் பெண்கள் சேலைக்கு மேல் கணவரின் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டி, அதன் முனையைக் கன்னத்தை ஒட்டி இறக்கிவிட்டிருப்பதைப் பாருங்கள். கழுத்துப் பொத்தானைப் போட்டு, கைப்பகுதியை மணிக்கட்டுவரை இறக்கி விட்டிருப்பார்கள். எந்த விலையுயர்ந்த க்ரீமும் அந்தச் சட்டைக்கு ஈடாகாது. வியர்வையில் அது கரையாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டியதும் இல்லை.

துணியைத் தேர்ந்தெடுக்க ஒரு சோதனை: வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். அந்தப்பக்கம் துல்லியமாகத் தெரிந்தால் கதிரும் அப்படியே நுழையும். மெல்லிய வெள்ளை மல் துணி வெக்கைக்குச் சுகம், ஆனால் ஒளியைப் பெரிதாகத் தடுக்காது. வியர்வையில் நனைந்தால் இன்னும் மோசம். நெருக்கமாக நெய்த, கருநீலம், அரக்கு போன்ற அடர்நிறத் துணி தடுக்கும். அடர்நிறம் சூடேறுமே என்றால், ஏறும்தான். அதனால் தளர்வாகத் தைத்துக்கொள்ளுங்கள். முண்டாசு தலையைக் காக்குமே தவிர முகத்துக்கும் காதுக்கும் பிடரிக்கும் நிழல் தராது. அகல விளிம்புள்ள ஓலைத் தொப்பி தரும். கறுப்புக் குடை மிக நல்லது. ஆண்கள் குடை பிடிக்கக் கூச்சப்படுவது கடந்த தலைமுறையில் வந்த வழக்கம். நம் தாத்தாக்கள் மழை இல்லாத நாளிலும் குடையில்லாமல் வெளியூர் கிளம்பியதில்லை.

ஓட்டுநர்கள் தனியாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாதாரணக் கண்ணாடி புறஊதாவில் பி வகையைத் தடுக்கும். ஏ வகையில் கணிசமான பங்கை உள்ளே விட்டுவிடும். 28 ஆண்டுகள் லாரி ஓட்டிய ஓர் அமெரிக்கரின் படம் 2012-இல் மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்தது. முகத்தின் இடப்பக்கம் மட்டும் தோல் தடித்து வரிவரியாகத் தொங்கியது. வலப்பக்கம் பல வருடம் இளமையாக இருந்தது. அங்கே ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம். நமக்கு வலப்பக்கம், அதுவும் கண்ணாடியை இறக்கிவிட்டு முழங்கையை வெளியே வைத்தபடிதான் ஓட்டுகிறோம். வலக்கைக்கு ஓர் ஆர்ம் ஸ்லீவ் போதும். சாலையோரக் கடைகளிலேயே விற்கிறார்கள். சன்னலோரம் மேசை உள்ளவர்களுக்குக் கனமான திரைச்சீலை.

இப்போது சன்ஸ்கிரீன். துணி மூடாத முகம், கழுத்து, புறங்கை, பாதத்துக்கு மட்டும். எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல், பி.ஏ. என்ற எழுத்துக்குப் பக்கத்தில் குறைந்தது மூன்று பிளஸ் குறியோடு வாங்குங்கள். முதல் எண் பி வகைக்கு, பிளஸ் குறிகள் ஏ வகைக்கு. ஆய்வகக் கணக்கில் 30 என்பது பி வகைக் கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்பது 98. அந்த ஒரு சதவீதத்துக்காக அதிக விலை கொடுப்பதைவிட, வாங்கியதைப் போதிய அளவு பூசுவது முக்கியம். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனிவரை நீளமாகப் பிழிந்தால் எவ்வளவோ, அது முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு வேளை அளவு. ஏறக்குறைய 1 கிராம். பகலில் இரண்டு வேளை பூசினால் 50 கிராம் ட்யூப் 25 நாளில் தீர வேண்டும். உங்கள் ட்யூப் நான்கு மாதம் வந்தால் பூச வேண்டியதில் ஒரு சிறு பங்குதான் பூசுகிறீர்கள். செலவு கையைக் கடிக்கும் என்பது உண்மை, அதனால்தான் துணியை முதலில் வைத்தேன். சன்ஸ்கிரீனே சிலருக்கு ஒவ்வாமை தரும். முழங்கையின் உட்புறத்தில் சில நாள் தடவிப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போங்கள். மங்கு உள்ளவர்களுக்கும் வெயில் காணாக்கடி உள்ளவர்களுக்கும் கண்ணுக்குத் தெரியும் ஒளியே தொல்லை தரலாம். அவர்கள் தோல் நிறம் கலந்த, அயர்ன் ஆக்சைடு சேர்ந்த வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

நாளின் ஒழுங்கையும் கொஞ்சம் மாற்றலாம். பத்து மணியிலிருந்து நான்கு மணிவரை உள்ள வேலைகளில் எவை நகரக்கூடியவை என்று பாருங்கள். ரேஷன் கடை, வங்கி, துணி உலர்த்துவது, வற்றல் காய வைப்பது ஆகியவற்றை வேறொருவர் செய்யலாம் அல்லது நேரம் மாற்றலாம். கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்தச் சுதந்திரம் இல்லை. அவர்களிடம் "வெயிலில் போகாதே" என்பது வேலையை விடு என்பதற்குச் சமம். நிழலில் செய்யும் வேலைக்கு மாற்றிக் கேட்பது, வேலையைக் கருக்கலில் தொடங்கி முன்மதியத்தில் முடிக்கக் கேட்பது, இவை நடக்கக்கூடியவை. மருத்துவரிடம் ஒரு சீட்டு வாங்கிக் கொடுத்தால் மேற்பார்வையாளரிடம் பேச எளிதாக இருக்கும்.

கிளம்பிவிட்டால்

எவ்வளவு பார்த்தும் ஒருநாள் கிளம்பிவிடும். உடனே நிழலுக்கு வந்து குளிர்ந்த நீரில் கழுவி, நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியைக் கால் மணி நேரம் போட்டு வையுங்கள். அரிப்புக்குக் காலமைன் லோஷன் பூசலாம். செட்ரிசின் அரிப்பைக் குறைக்கும், தூக்கமும் வரும். அன்று வண்டி ஓட்ட வேண்டாம். மஞ்சள், எலுமிச்சை, பற்பசை, வீட்டில் மிச்சமிருக்கும் பழைய ட்யூப் எதுவும் வேண்டாம். கொப்புளத்தைக் குத்தாதீர்கள். அடுத்த சில நாள் அந்த இடத்தில் மறுபடி வெயில் படாமல் துணியால் மூடியே வையுங்கள்.

அதே நாளில், தடிப்பு இருக்கும்போதே, பகல் வெளிச்சத்தில் கைபேசியில் படம் எடுத்துவிடுங்கள். கிட்டத்தில் ஒன்று, கை முழுதும் தெரிய ஒன்று. மருத்துவமனைக்குப் போகும் நாளில் தோல் சுத்தமாக இருக்கும். "ஒன்றும் காணோமே" என்று அனுப்பிவிட நேரும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவில் கூட்டம் அதிகம், உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடம்தான். படங்கள், சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள், நாட்டு மருந்து இருந்தால் அதுவும், எந்த நாள் எத்தனை மணிக்கு வெயிலில் போனீர்கள், எத்தனை மணிக்குத் தடித்தது என்று எழுதிய ஒரு தாள். இந்த மூன்றையும் மேசையில் வைத்தால் அந்தச் சில நிமிடம் போதும். இரத்தத்தில் ஏ.என்.ஏ. பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை, முதுகில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் ஆகியவற்றில் எது வேண்டும் என்று அவர் முடிவு செய்வார். மருத்துவரே சில நாளுக்கு ஸ்டீராய்டு களிம்பு எழுதிக் கொடுத்தால் பயப்படாமல் பூசுங்கள். சொன்ன நாளில் நிறுத்துங்கள்.

வெயிலை அடியோடு விலக்கி வாழ்கிறவர்களுக்கு வைட்டமின் டி குறையும். ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதித்து, குறைந்திருந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் மாத்திரையாகவே எடுத்துக்கொள்ளலாம். 60,000 யூனிட் மாத்திரை தினமும் சாப்பிடுவதற்கானது இல்லை. வாரம் ஒன்று என்று எழுதியிருந்தால் வாரம் ஒன்றுதான்.

குழந்தைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெயிலில் கொண்டுபோனாலே கைக்குழந்தை வீறிட்டு அழுது, தோலில் பெரிதாக ஒன்றும் தெரியாவிட்டாலும், அழுகையை நம்புங்கள். இரண்டு வயதுக்குள் முகத்தில் கரும்புள்ளிகள் தூவினாற்போல் வந்தாலும், கண் கூசி வெளிச்சத்தில் திறக்க மறுத்தாலும் தாமதிக்காமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். அரிய மரபணு நோய்கள் அப்படித்தான் தலைகாட்டும். அவற்றில் சிலவற்றுக்குச் சிறு வயதிலிருந்தே கடும் பாதுகாப்பு வேண்டும்.

பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு வெயில் ஒவ்வாமை என்றால் ஆண்டுத் தொடக்கத்திலேயே வகுப்பாசிரியரைப் போய்ப் பாருங்கள். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மர நிழல் பக்கம் நிற்கவும், முழுக்கைச் சட்டை போடவும், விளையாட்டுப் பாடவேளையில் கூரைக்குக் கீழே இருக்கவும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இது ஒட்டுவாரொட்டி இல்லை, பக்கத்தில் உட்காரும் பிள்ளைக்குப் பரவாது என்று ஆசிரியரே வகுப்பில் ஒருமுறை சொல்லிவிடும்படியும் கேட்டுக்கொள்ளுங்கள்.